தொண்ணூற்றாறு பக்கக் கிணறு

மாதா கோயில் திருவிழாவுக்குக் கொடியேறிய மறுநாள் காலையில் செந்தேரியில் இருந்த வட்டங்கள் எல்லாம் ஆறு பக்கமாகிக் கிடந்தன. இட்லிச் சட்டியைத் திறந்த பெண்கள் உள்ளே ஆறு மூலையோடு வெந்திருந்த இட்லிகளைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, வெந்தது வெந்ததுதானே என்று எடுத்துத் தட்டில் வைத்தார்கள், அந்தத் தட்டும் ஆறு பக்கமாகத்தான் இருந்தது, அதை நீட்டிய கையின் வளையலும், அந்தக் கைக்காரியின் நெற்றிப் பொட்டும், தண்ணீர்க் குடத்தின் வாயும், கோயில் மணியின் விளிம்பும், மீன் கூடையும், சைக்கிள் சக்கரமும், கல்யாண மோதிரமும் அப்படியேதான் இருந்தன. நிலா மட்டும் செந்தேரிப் பஞ்சாயத்துக்கு உட்பட்டதில்லை என்பதால் பழையபடி வட்டமாக வந்து போய்க்கொண்டிருந்தது, அது வேண்டுமென்றே ஊரைக் கேலி செய்வதாகச் சிலர் மனத்தாங்கல் பட்டார்கள்.

ஆறு பக்கமானது போக, ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் ஒரு சிறு துண்டு கிடந்தது. வளையலுக்குப் பக்கத்தில் கண்ணாடித் துணுக்கு, டயருக்குப் பக்கத்தில் கொஞ்சம் ரப்பர், மோதிரத்துக்குப் பக்கத்தில் அரிசி முனை அளவு தங்கம், பொட்டு வைத்தவர்களின் மூக்குநுனியில் மெல்லிய சிவப்புக் கோடு. வட்டத்தைச் சுற்றிப் போக எவ்வளவு நீளம் வேண்டுமோ அதைவிட ஆறு பக்கத்தைச் சுற்றிப் போகக் கொஞ்சம் குறைவாகவே வேண்டும், குறைந்த அந்தக் கொஞ்சம் எங்கே போகும், அங்கேயே கிடந்தது. ஊர் அதற்கு மிச்சம் என்று பெயர் வைத்தது. குப்பையில் போட்டாலும் மறுநாள் வாசல்படியில் வந்து உட்கார்ந்திருக்கும் என்பதால் வீட்டுக்கு வீடு ஒரு செம்பில் போட்டு வைத்தார்கள், பெண் பார்க்க வந்தவர்கள்கூட, உங்கள் வீட்டில் மிச்சம் எவ்வளவு இருக்கும் என்று மரியாதைக்கு ஒரு வார்த்தை விசாரித்தார்கள்.

ஏன் இப்படி ஆனது என்று யாரும் ரொம்ப நாள் கேட்டுக்கொண்டிருக்கவில்லை, திருவிழா நேரத்தில் யாருக்கு நேரம் இருக்கிறது. செந்தேரிக்கும் ஜங்ஷனுக்கும் ஓடுகிற ஒரே டவுன் பஸ் ஆறு பக்கச் சக்கரங்களோடு அடிக்கு ஒரு குதி குதித்துப் போனது, பயணிகள் ஒரு சொல் பேசி, குதித்து, அடுத்த சொல் பேசிப் பழகினார்கள், அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டதால் சண்டைகள் பாதியிலேயே எதற்கென்று மறந்து நின்றுபோயின. பஞ்சாயத்துத் தலைவர் மட்டும் சும்மா இருக்காமல், மூலைதான் தொந்தரவு, எல்லாரும் மூலையைச் செதுக்கிவிடுங்கள் என்று மைக் வைத்து அறிவித்தார். ஊரே அரத்தையும் அரிவாளையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து செதுக்கியது. வளையல்கள் சிறுத்து மணிக்கட்டைக் கவ்விப் பிடித்தன, பஸ் ஒரு சாண் இறங்கி வயிற்றைத் தரையில் தேய்த்தது, செம்பில் இருந்த மிச்சமோ பெருகி வழிந்து இன்னொரு செம்பு கேட்டது. தலைவர் மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரு வாரம் மச்சினன் வீட்டுக்குப் போய்விட்டார்.

இத்தனையிலும் இந்த மாற்றத்தைத் தன் சொந்த நஷ்டமாக எடுத்துக்கொண்டவள் ஊரில் ஒருத்திதான். அவள் பெயர் பிரகாசி. பொருட்காட்சித் திடலில் நின்ற மரணக் கிணற்றில், அதாவது மரப்பலகைகளை வட்டமாக நிறுத்தி மேலே நின்று ஆட்கள் பார்க்கிற அந்தக் கிணற்றில், சுவரோடு சுவராக மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவள். பிறந்தது இதே செந்தேரிதான், அந்த டவுன் பஸ்ஸை ஓட்டுகிற மிக்கேல் டிரைவரின் ஒரே மகள். தேரிக் காட்டுச் செம்மணலில் அவளுக்குப் பஸ் ஓட்டக் கற்றுக் கொடுத்தவர் அவர்தான், டிப்போவில் முதல் பெண் டிரைவராக அவள் காக்கிச் சட்டை போடுவாள் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தவரும் அவர்தான். அவளோ ஒரு வெளியூர்த் திருவிழாவில் இந்தக் கிணற்றை எட்டிப் பார்த்தாள், பார்த்த கண்ணை எடுக்க முடியாமல் மறுநாளே அதன் முதலாளி மீரான் பாயிடம் போய் நின்றாள்.

"வண்டின்னா தரையில ஓடணும். சுவத்துல பல்லிதான் ஓடும்" என்றார் மிக்கேல் டிரைவர் அன்றைக்கு. அதற்குப் பிறகு அவர் அவளோடு பேசவில்லை. அவள் எந்தெந்த ஊரிலோ ஓட்டினாள், எத்தனையோ பேர் கைதட்டினார்கள், ஒவ்வொரு தடவை சுவரில் ஏறும்போதும் மேலே விளிம்பில் காக்கிச் சட்டை ஏதாவது தெரிகிறதா என்று அவள் கண் தேடும், தேடுவது தெரிந்தும் மீரான் பாய் எதுவும் கேட்டதில்லை. இந்த வருஷம்தான் முதல்முதலாகக் கிணறு செந்தேரிக்கு வந்தது. வந்த அன்று பஸ் கண்டக்டர் திடலுக்கு வந்து அப்பா சொல்லியனுப்பியதைச் சொன்னார்.

"மொத ஆட்டம் மட்டும் பாக்கேன்னு சொல்லச் சொன்னாரு. ஒரே தடவ. பெறவு கேக்கப்புடாதாம்."

மிக்கேல் டிரைவர் வாக்கு மாறாத மனிதர். ஒரு தடவை என்றால் ஒரு தடவைதான், அதில் அவள் விழுந்தால் விழுந்ததைத்தான் அவர் கடைசிவரை பார்த்திருப்பார். அந்த முதல் ஆட்டம் நடக்க வேண்டிய காலையில்தான் ஊரில் வட்டங்கள் போயின. மீரான் பாயின் கிணறு ஆறு மொட்டைச் சுவர்களாக நின்றது, ஒவ்வொன்றும் பதினைந்து அடி அகலம், வெளியே தனியாக நாலேகால் அடி அகலத்துக்குப் பலகைகள், அந்தக் கிணற்றின் மிச்சம், காத்திருக்கிற விருந்தாளி மாதிரி ஓரமாக நின்றுகொண்டிருந்தன.

யாரும் இல்லாத நேரம் பார்த்து அவள் ஓட்டிப் பார்க்காமல் இல்லை. வண்டிச் சக்கரமும் ஆறு பக்கம், சுவரும் ஆறு பக்கம், முதல் மூலையிலேயே சுவர் அவளைத் தூக்கி எறிந்தது. முழங்கையில் தோல் உரிந்து, செம்மண்ணில் மல்லாந்து கிடந்தபடி மேலே பார்த்தாள். வானமும் ஆறு பக்கமாகத் தெரிந்தது. அவளுக்கு அழுகை வந்தது, வலிக்காக இல்லை.

"கழட்டிருவமா புள்ள?" என்றார் மீரான் பாய். அவள் அழுததைப் பார்க்காதது போல வண்டியை நிமிர்த்திக்கொண்டே கேட்டார். "சப்பரம் நிலைக்கு வந்த மறுநாளு நாம அடுத்த ஊருல நிக்கணும். லாரி குதிச்சுக் குதிச்சாவது போயிரும்."

"மொத ஆட்டம் ஓட்டாம நான் வரல்ல பாய்."

"இதுல எப்பிடி ஓட்டுவ?"

அதற்குள் ஊரின் தச்சர்கள் ரம்பத்தோடு வந்து சேர்ந்தார்கள், தலைவர் போனாலும் அவர் சொல்லிவிட்டுப் போன வேலை போகவில்லை, கிணற்றின் மூலைகளை அறுத்துவிட்டால் வண்டி ஓடிவிடும் என்பது அவர்கள் கணக்கு. ஒருவர் ரம்பத்தை முதல் மூலையில் வைத்தும்விட்டார். முழங்கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்த பிரகாசியின் கண் அப்போதுதான் தரையில் விழுந்தது. வட்டங்கள் போவதற்கு முந்தின நாள் நிறுத்தியபோது கிணறு தன் கனத்தில் செம்மண்ணை அழுத்தி ஒரு வட்டத் தடம் பதித்திருந்தது, மாயம் மண்ணில் பதிந்த தடத்தைத் தொட மறந்துவிட்டது போலும். ஆறு மூலைகளும் அந்தத் தடத்தின் மேலேயே நின்றன, ஒரு விரல்கூடப் பிசகாமல். சுவர்களின் நடுப்பகுதிதான் தடத்தை விட்டு இரண்டு அடி உள்ளே வந்திருந்தது.

"ரம்பத்த எடுங்க" என்றாள். "மூலை ஒரு குத்தமும் பண்ணல்ல. அது நிக்க வேண்டிய எடத்துலதான் நிக்கி. நடுப்பக்கம்தான் உள்ள வந்துருக்கு."

தச்சர் தரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "அதுக்குப் பலகைய வளைக்கவா முடியும்?"

"முன்னால மட்டும் வளைஞ்ச பலகையா இருந்துச்சு? என்னைக்கும் இது நேர்ப் பலகைதான். நெறையா நின்னுச்சு, அதனால வட்டமாத் தெரிஞ்சுது."

மீரான் பாய் தன் கிணற்றை அன்றுதான் முதன்முறையாகப் பார்ப்பது போல் பார்த்தார். ஊர் ஊராக அதைக் கழற்றிக் கழற்றி மாட்டியவர் அவர், ஒரு பலகையையும் அவர் வளைத்ததில்லை.

ஆறு சுவர்களையும் நடுவில் பிரித்து, அந்த நடுவை வெளியே தடம் வரைக்கும் தள்ளுவது என்று முடிவாயிற்று. அதைத் தள்ள ஆள் போதவில்லை, சுண்டல் கடைக்காரர் வந்தார், பலூன்காரர் வந்தார், பாட்டுக் கோஷ்டி வந்தது, கோயில் கமிட்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தது, பள்ளிக்கூடத்திலிருந்து உலகம்மை டீச்சர் அளவு நாடாவோடு வந்தார். அவர் பிரகாசிக்குக் கணக்கு எடுத்தவர், அந்தக் காலத்தில் ஜன்னலுக்கு வெளியே பார்த்ததற்காக அவளை எத்தனையோ தடவை பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தியவர், அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஏலேலோ என்று ஊர் தள்ளியது. ஒவ்வொரு சுவரும் நடுவில் முறிந்து வெளியே நகர்ந்து, புது மூலை தடத்தைத் தொட்டபோது அந்த இடத்தில் ஒரு பிளவு திறந்தது, வெளியே காத்திருந்த மிச்சப் பலகைகள் யாரும் கூப்பிடாமலே நடந்து வந்து அந்தப் பிளவுகளில் புகுந்து நின்றுகொண்டன. கிணறு பன்னிரண்டு பக்கமாயிற்று. வெளியே ஓர் அடி அகலத்துக்கு மட்டும் பலகை பாக்கி நின்றது.

அதைப் பார்த்த மாத்திரத்தில் சைக்கிள் கடைக்காரர் அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், இதே முறையில் சக்கரங்களைச் சரிபண்ணிக் கொண்டுவந்து நிறுத்தினார். பிரகாசி ஏறி ஓட்டினாள். மூலைக்கு மூலை பல் கிடுகிடுத்தது, ஆனால் சுவர் அவளை எறியவில்லை, மூன்று சுற்று சுற்றிவிட்டு இறங்கினாள். "இன்னொரு தடவ" என்றாள்.

இன்னொரு தடவை பன்னிரண்டு சுவர்களையும் நடுவில் முறித்துத் தடத்துக்குத் தள்ளினார்கள், இருபத்து நான்கு பக்கமாயிற்று, வெளியே மூன்று அங்குலம் பாக்கி. அவள் ஓட்டினாள், மோசமான தார்ச்சாலையில் போவது போல் இருந்தது. மறுபடி முறித்தார்கள், நாற்பத்தெட்டு, விரல் அகலம் பாக்கி, ரயில் தண்டவாளத்தின் தாளம். உலகம்மை டீச்சர் ஒவ்வொரு தடவையும் நாடாவைப் பிடித்துப் பிடித்து, கடைசியில் அதைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு சிரித்தார்.

"ஏ பிரகாசி, ஒவ்வொரு தடவையும் மூணு பங்கு உள்ள போகுது, ஒரு பங்கு வெளிய நிக்குது. வட்டத்துக்கும் நமக்கும் நடுவுல இருக்க தூரம் நாலுல ஒண்ணாக் கொறையுது பாத்துக்க."

"எப்ப டீச்சர் முடியும்?"

"முடியாதுடி. கொறைஞ்சிக்கிட்டே போகும், முடியவே முடியாது."

தள்ளிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே கையை எடுத்துவிட்டார்கள். முடியாத வேலைக்கா இத்தனை நேரம் தோள் கொடுத்தோம் என்று பாட்டுக் கோஷ்டியில் ஒருவர் முணுமுணுத்தார். பிரகாசி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதன்முறையாக டீச்சருக்கு எதிர்ப்பேச்சு பேசினாள்.

"முடிய வேண்டாம் டீச்சர். வண்டிக்குத் தெரியாத அளவுக்குக் கொறைஞ்சாப் போதும்."

டீச்சர் அவளை உற்றுப் பார்த்தார். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தானே முதல் ஆளாகச் சுவரில் தோளைக் கொடுத்தார். தொண்ணூற்றாறு பக்கம் ஆயிற்று, ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டே இரண்டு பலகை, இதற்கு மேல் பலகையையே பிளக்க வேண்டும், வெளியே பென்சிலைவிட மெல்லிசாக ஒரு மரச்சீவல் மட்டும் நின்றது. மீரான் பாய் அதை எடுத்துக் காதில் செருகிக்கொண்டார். "நாளைக்கு சாய்ங்காலம் மொத ஆட்டம்" என்று மைக்கில் அறிவித்தபோது அவர் குரல் நடுங்கியது, மைக் சரியில்லை என்று பிறகு சொன்னார்.

அன்றைக்கு ஊரில் ஒரு வீட்டிலும் கை சும்மா இருக்கவில்லை. குடத்தின் வாயை, மீன் கூடையை, வாளியின் விளிம்பை, மணியின் ஓரத்தை எல்லாரும் நடுவில் முறித்துத் தள்ளி, மிச்சத்தை அதற்குரிய இடத்தில் காட்டினார்கள், அதுவும் வீட்டுக்கு வந்த பிள்ளை மாதிரி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது. வளையல்கள் தளர்ந்தன, பொட்டுகள் உருண்டன, டிப்போ ஆட்கள் பஸ்ஸின் டயர்களைச் சரிபண்ணினார்கள், பயணிகள் நீண்ட வாக்கியங்களில் பேச ஆரம்பித்து, விட்ட சண்டைகளைத் தேடிப் பிடித்தார்கள். பஸ்ஸின் ஸ்டியரிங் மட்டும் ஆறு பக்கமாகவே இருந்தது. அதில் கைவைக்க மிக்கேல் டிரைவர் யாரையும் விடவில்லை. "அது என் கையி படுத எடம், நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லி, ஸ்டியரிங்கின் மிச்சத்தை, ஒரு சுண்டுவிரல் நீளத்துக் கறுப்புத் துண்டை, சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் செந்தேரி முழுக்கக் கிணற்றின் மேல் ஏறி நின்றது. அன்று டவுன் பஸ் ஜங்ஷனிலிருந்து வரவேண்டிய நேரத்துக்கு வரவில்லை. மீரான் பாய் கடிகாரத்தைப் பார்த்தார், கூட்டம் விசில் அடித்தது, பிரகாசி கிணற்றின் அடியில் வண்டி மேல் உட்கார்ந்து விளிம்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள், மேலே ஊரில் உள்ள எல்லா முகமும் இருந்தது, அந்த ஒரு முகம் இல்லை.

"ஆரம்பிச்சிருவமா?" என்றார் மீரான் பாய்.

"ஆரம்பிங்க" என்றாள். வராவிட்டாலும் ஓட்டத்தான் வேண்டும், ஊர் தோள் கொடுத்துத் தள்ளிய சுவர் அது.

சரிவில் ஒரு சுற்று, பிறகு சுவர். முதலில் ஒவ்வொரு மூலையும் அவள் முதுகெலும்பில் பேசியது, தட் தட் தட் என்று தொண்ணூற்றாறும் தனித்தனியாகக் கேட்டன, அவள் வேகம் கூட்டினாள், தட்டுகள் ஒன்றையொன்று நெருங்கின, இன்னும் கூட்டினாள், அவை ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன, இன்னும் கூட்டியபோது தட்டு என்று ஒன்றும் இல்லை, ஒரே நீண்ட முழக்கம், மூலை இல்லை பக்கம் இல்லை, அவளும் சுவரும் அந்த முழக்கமும் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தன. பலகைகள் அதிர்ந்தன. மேலே நின்றவர்கள் கைதட்ட மறந்தார்கள். டீச்சர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

மரணக் கிணற்றில் ஆட்கள் விளிம்பைத் தாண்டி உள்ளே ரூபாய் நோட்டை நீட்டுவதும், ஓட்டுகிறவர் கைப்பிடியை விட்டு மேலே வந்து பிடுங்கிக்கொண்டு போவதும் வழக்கம். செந்தேரிக்காரர்கள் அன்று நோட்டை நீட்டவில்லை. ஆளுக்கொரு மிச்சத்தை நீட்டினார்கள், எல்லாம் உள்ளே போனபின் தங்கிப்போன கடைசிக் கடுகளவை, வளையல் மிச்சத்தை, வாளி மிச்சத்தை, கோயில் மணியின் மிச்சத்தை. அவள் மேலே ஏறி ஏறி ஒவ்வொன்றாக வாங்கினாள், வாங்கி வாங்கிச் சட்டைப் பையில் போட்டாள், ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு ஆரவாரம் எழுந்தது. அப்போது படிக்கட்டுப் பக்கம் கூட்டம் விலகியது. மூச்சு வாங்க ஒரு காக்கிச் சட்டை விளிம்புக்கு வந்தது, பஸ்ஸைத் திடலுக்குள்ளேயே கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் பயணிகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார் மிக்கேல் டிரைவர். சட்டைப் பையிலிருந்து அந்தக் கறுப்புத் துண்டை எடுத்து, கையை விளிம்பைத் தாண்டி உள்ளே, எவ்வளவு நீளுமோ அவ்வளவு நீட்டினார்.

பிரகாசிக்குக் கண் மறைத்தது, காற்றில் அது உடனே காய்ந்தும் போனது. ஒரு சுற்று கீழே இறங்கி வேகம் எடுத்தாள். இரண்டு கையையும் விட்டுவிட்டு விளிம்புக்கு ஒரு சாண் அருகே ஏறி வந்து, அவர் விரல்களைத் தொட்டு அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு போனாள். செந்தேரியில் அப்படி ஒரு சத்தம் அதற்கு முன் கேட்டதில்லை, கோயில் மணி தானாக அடித்தது என்று பிறகு பலர் சத்தியம் பண்ணினார்கள், அடித்திருக்கலாம், அது வட்டமாகி ஒரு நாள்தானே ஆகியிருந்தது.

ஆட்டம் முடிந்து கூட்டம் அவளைத் தோளில் தூக்கித் திடலைச் சுற்றி வந்து பஸ்ஸுக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டது. மிக்கேல் டிரைவர் தன் சீட்டில் உட்கார்ந்து முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வளைவுல கொஞ்சம் வேகத்தக் கொறைச்சிருக்கலாம்" என்றார்.

"அங்க வளைவே கெடையாதுப்பா. எல்லாம் நேர் ரோடுதான். துண்டு துண்டா."

அவர் அதை யோசித்தார். பிறகு சற்று நகர்ந்து உட்கார்ந்து, ஸ்டியரிங்கை அவள் பக்கம் காட்டினார். அவள் அதன் ஆறு பக்கங்களையும் நடுவில் முறித்து வெளியே தள்ளினாள், அவரும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார், பன்னிரண்டு, இருபத்து நான்கு, ஒவ்வொரு தடவையும் கறுப்புத் துண்டில் மூன்று பங்கு உள்ளே போய்ப் படுத்தது. இரண்டு பேர் கையும் அதன் மேல் வழுக்கிப் போகிற அளவுக்கு வந்ததும் நிறுத்தினார்கள். எள்ளளவு மிச்சம் அவள் உள்ளங்கையில் நின்றது.

"இதையும் சேத்துருவமாப்பா?"

"வேண்டாம்ட்டி" என்று அவர் அதைப் பத்திரமாக எடுத்துச் சட்டைப் பையில் போட்டு, பையின் பித்தானையும் மாட்டினார். "அடுத்த திருவிழாவுக்கு வருவேல்லா, அப்ப நீட்டுததுக்கு ஒண்ணு வேணும்."